சிதம்பரம்: ஊரா, ஆளா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் ஒரே பெயர் ஊருக்கும் இருக்கும், ஆளுக்கும் இருக்கும். பழனி, மதுரை, காசி, திருப்பதி, அண்ணாமலை, குற்றாலம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். அந்த வரிசையில் சிதம்பரத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். மற்ற ஊர்களும் இடையிடையே வந்து போகும். அவற்றை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

முதலில் வந்தது எது, ஊர்ப் பெயரா ஆள் பெயரா?

இரண்டும் இல்லை. முதலில் வந்தது ஒரு கூடத்தின் பெயர். நடராசர் ஆடும் அந்தச் சின்ன மண்டபத்துக்குச் சிற்றம்பலம் என்று பெயர். மண்டபத்தின் பெயர் கோயிலுக்கு ஆனது, கோயில் பெயர் ஊருக்கு ஆனது, உள்ளே இருக்கிற சாமிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சாமி பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் பெரிய ஆட்களாக, அவர்கள் பெயர் மாவட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் போனது.

ஊருக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு சாமி நிற்கிறார். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

சிதம்பரம் என்றால் என்ன பொருள்?

இரண்டு விளக்கங்கள் உண்டு.

முதலாவது தமிழ் வழி. சிறு + அம்பலம் = சிற்றம்பலம். சிற்றூர், சிற்றுண்டி மாதிரி. அம்பலம் என்றால் பலர் கூடும் வெளி, மன்றம். ஒரு ரகசியம் வெளியே வந்துவிட்டால் ‘அம்பலமாகிவிட்டது’ என்கிறோமே, அதே அம்பலம்தான். தென் மாவட்டங்களில் ஊர்த் தலைவரை அம்பலக்காரர் என்பதும், மலையாளத்தில் கோயிலையே அம்பலம் என்பதும் இதே சொல்லிலிருந்து வந்தவை. சிற்றம்பலம் பேச்சில் தேய்ந்து, லகரம் ரகரமாக மாறிச் சிதம்பரம் ஆனது என்பது இந்தக் கட்சி. பந்தலைப் பந்தர் என்றும் சாம்பலைச் சாம்பர் என்றும் எழுதும் மொழியில் இது பெரிய தாவல் ஒன்றும் இல்லை.

இரண்டாவது வடமொழி வழி. சித் + அம்பரம். சித் என்றால் அறிவு, அம்பரம் என்றால் ஆகாயம். அறிவுவெளி. ஐம்பூதத் தலங்களில் காஞ்சிபுரம் மண், திருவானைக்கா நீர், திருவண்ணாமலை தீ, காளத்தி காற்று, சிதம்பரம் ஆகாயம். நடராசர் சன்னதிக்குப் பக்கத்தில் திரையை விலக்கினால் உருவம் எதுவும் இருக்காது. வெற்றிடத்தில் தங்க வில்வ மாலை மட்டும் தொங்கும். சிதம்பர ரகசியம் என்பது அதைத்தான். பெயருக்கும் தலத்துக்கும் இவ்வளவு பொருத்தமாக ஒரு விளக்கம் அமைவது அபூர்வம்.

சரி, இரண்டில் எது உண்மை?

சிற்றம்பலம்தான் பழையது. ஏழாம் நூற்றாண்டில் அப்பர் ‘அன்னம் பாலிக்கும் தில்லைச் சிற்றம்பலம்’ என்று பாடுகிறார். சம்பந்தரும் தில்லைச் சிற்றம்பலம் என்றே சொல்கிறார். ஊர் தில்லை, கோயில் சிற்றம்பலம். சிதம்பரம் என்ற வடிவம் பெருவழக்கானது பிற்காலத்தில். ஆக, வழக்கில் இருந்த தமிழ்ப் பெயரின் ஓசைக்குப் பொருந்த, கோயிலின் தத்துவத்துக்கும் பொருந்த, வடமொழியில் ஒரு பொருள் கண்டார்கள் என்று கொள்வதே நியாயம்.

அதற்காக இரண்டாவது விளக்கத்தைப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. பல நூறு ஆண்டுகளாக மக்கள் அந்தப் பொருளை நினைத்துத்தான் பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சொல்லின் பிறப்பு ஒன்று, அதற்குக் கிடைத்த வாழ்வு வேறொன்று.

பழைய பெயர் அழிந்துவிடவும் இல்லை. ஓதுவார்கள் திருமுறை பாடத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ‘திருச்சிற்றம்பலம்’ என்பார்கள். அது ஊர்ப் பெயராகவும் இருக்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு திருச்சிற்றம்பலம், புதுச்சேரிக்குப் பக்கத்தில் வானூர் வட்டத்தில் இன்னொரு திருச்சிற்றம்பலம்.

ஏகாம்பரம், பீதாம்பரம் எல்லாம் இதே அம்பரம்தானா?

காதுக்கு அப்படித்தான் கேட்கும். ஆனால் மூன்றும் மூன்று பொருள். பீதாம்பரத்தில் உள்ள அம்பரம் துணி. மஞ்சள் பட்டு உடுத்தியவர் என்று பொருள். திகம்பரரில் உள்ளதும் துணிதான், திசையே ஆடை. ஏகாம்பரத்தில் அம்பரமே கிடையாது. காஞ்சிபுரத்தில் ஒற்றை மாமரத்தடியில் இருக்கும் சிவனுக்கு வடமொழியில் ஏகாம்ரநாதர் என்று பெயர், ஆம்ரம் என்றால் மா. அதுதான் ஏகாம்பரமாகத் திரிந்தது. மூன்று பேரை ஒரே பெஞ்சில் உட்காரவைத்தால் ஒருவர் ஆகாயம், ஒருவர் பட்டுத்துணி, ஒருவர் மாமரம்.

தில்லை என்பது என்ன?

ஒரு மரம். உப்பங்கழி ஓரம் வளரும் அலையாத்தி வகை. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் கழிமுகக் காடுகளில் இன்றும் இருக்கிறது. கிளையை ஒடித்தால் பால் வடியும். அது தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. படகு ஓட்டுகிறவர்கள் அந்தக் கிளையில் கை வைக்கவேண்டாம் என்று எச்சரிப்பார்கள். ஒரு காலத்தில் அந்தக் காடு இன்றைய ஊர் வரை பரவியிருந்தது என்பதால் ஊருக்குத் தில்லை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். மரத்தால் ஊருக்குப் பெயர் வருவது நமக்குப் புதிதல்ல. ஆலங்காடு, வேற்காடு, பனையூர் எல்லாம் அப்படித்தான்.

தொட்டால் கொப்பளிக்கும் ஒரு மரத்தின் பெயர் தில்லைநாயகம், தில்லைராஜன், தில்லையம்பலம் என்று எத்தனையோ வீடுகளில் செல்லப் பெயராகப் புழங்குகிறது. வைத்தவர்கள் மரத்தை நினைத்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

புலியூர் என்றும் சொல்கிறார்களே?

வியாக்கிரபாதர் என்ற முனிவர், புலிக்கால் உடையவர், இங்கே வழிபட்டதாகத் தலபுராணம். அதனால் புலியூர், பெரும்பற்றப்புலியூர். அப்புறம், சைவர்கள் வெறுமனே ‘கோயில்’ என்றாலே சிதம்பரம்தான். வைணவர்களுக்குக் ‘கோயில்’ என்றால் திருவரங்கம். அதே வளாகத்தில் இருக்கும் கோவிந்தராசப் பெருமாள் சன்னதி வைணவர்களுக்குத் திருச்சித்திரகூடம்.

ஊர்ப் பெயரைப் பிள்ளைக்கு ஏன் வைத்தார்கள்?

பெரும்பாலும் நேர்ச்சை. பிள்ளை இல்லை, அல்லது பிறந்த பிள்ளை தங்கவில்லை. பழனிக்கு வேண்டிக்கொண்டு பிறந்தால் பழனி, சிதம்பரத்துக்கு வேண்டிக்கொண்டு பிறந்தால் சிதம்பரம். போய்வர நாட்கணக்கில் ஆன காலத்தில், போக முடியாதவர்களுக்கும் அந்த ஊரை வீட்டுக்குள் கொண்டுவர இது ஒரு வழியாக இருந்திருக்கும். திண்ணையில் உட்கார்ந்து ‘சிதம்பரம், சிதம்பரம்’ என்று பேரனைக் கூப்பிட்டாலே சாமி பெயரைச் சொன்ன புண்ணியம்.

சிதம்பரம் போவது எவ்வளவு பெரிய ஆசையாக இருந்தது என்பதற்கு நந்தனாரே சாட்சி. ‘நாளைப் போவேன், நாளைப் போவேன்’ என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் திருநாளைப்போவார் என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. நாயன்மார் வரிசையிலும் அந்தப் பெயரில்தான் நிற்கிறார். ஊருக்குப் போக முடியாத ஏக்கமே ஒருவருக்குப் பெயரானது வேறு எங்கும் உண்டா, தெரிந்தவர்கள் சொல்லலாம்.

இரண்டாவது காரணம் தாத்தா. தாத்தா பெயரைப் பேரனுக்கு இடுவது வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பெயரைத் தாங்குகிறவன். அதனால் யாரோ ஒரு முப்பாட்டன் காலத்தில் வேண்டிக்கொண்டு வைத்த பெயர், வேண்டுதல் மறந்துபோன பிறகும் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருக்கும்.

என் தாத்தா பெயர் சிதம்பரம். அப்படியானால் எங்கள் பூர்வீகம் சிதம்பரமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பதில்: பெயரை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் இல்லை.

மிகப் பழைய உதாரணம் சுந்தரர். அவருடைய இயற்பெயர் ஆரூரன், நம்பி ஆரூரன். ஆனால் பிறந்தது திருவாரூரில் இல்லை, திருநாவலூரில். ஆரூர்ச் சாமியின் பெயர் அவருக்கு. தன் பாடல்களில் அவரே நாவலூரன் என்றும் சொல்லிக்கொள்கிறார், ஆரூரன் என்றும் சொல்லிக்கொள்கிறார். ஒன்று பிறந்த ஊர், மற்றது வைத்த பெயர். இரண்டும் ஊர்ப் பெயர்தான், ஆனால் செய்கிற வேலை வேறு.

வ.உ.சிதம்பரம் பிள்ளையைப் பாருங்கள். 1872-இல் பிறந்தது ஒட்டப்பிடாரத்தில். சிதம்பரத்திலிருந்து வெகுதூரம் தெற்கே.

பூர்வீகம் தெரியவேண்டுமானால் பெயரை விட்டுவிட்டு முன்னெழுத்தைப் பிடிக்கவேண்டும். ஈ.வெ.ரா.வில் உள்ள ஈ ஈரோடு. உ.வே.சா.வில் உள்ள உ உத்தமதானபுரம். ம.பொ.சி.யில் ம மயிலாப்பூர். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் எம் மதுரை. சி.என்.அண்ணாதுரையின் சி, ஆங்கிலேயர் காஞ்சிபுரத்தை எழுதிய ‘கஞ்சீவரம்’ என்பதன் முதல் எழுத்து. ஆர்.கே.நாராயணின் ஆர் ராசிபுரம். கச்சேரி மேடையிலோ முன்னெழுத்துக்குச் சுருக்கக்கூட மாட்டார்கள், ஊரை முழுசாகவே சொல்வார்கள். ‘அன்றைக்குச் செம்மங்குடி பாடினார், லால்குடி வாசித்தார்’ என்றால் பாடியதும் வாசித்ததும் ஊர்கள் இல்லை.

இந்தப் பழக்கம் சங்க காலத்திலிருந்தே வருகிறது. கோவூர் கிழார், ஆவூர் மூலங்கிழார், மதுரை மருதன் இளநாகனார், காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார். ஊர் முன்னால், பெயர் பின்னால். ஒரு சிறிய எச்சரிக்கை: எல்லா முன்னெழுத்தும் ஊர் ஆகாது. இப்போதெல்லாம் ஒற்றை முன்னெழுத்து என்றால் பெரும்பாலும் அப்பா பெயர்தான்.

இந்த ஓர் ஊரிலிருந்து எத்தனை ஆள் பெயர்கள் வந்திருக்கின்றன?

எண்ணி முடியாது. சிதம்பரம், சிதம்பரநாதன் இருக்கட்டும். அம்பலத்திலிருந்து அம்பலம், அம்பலவாணன், பொன்னம்பலம், சிற்றம்பலம். அம்பலத்தை வடமொழியில் சபை என்றதால் சபாபதி, சபேசன், சபாநாயகம், கனகசபை. ஆட்டத்திலிருந்து கூத்தன், நடராஜன். பொன்னம்பலமும் கனகசபையும் ஒரே பொருள்தான். கூரையில் பொன் வேய்ந்த மண்டபம். பொன் வேய்ந்த பெருமை பராந்தக சோழனுக்குச் சொல்லப்படுகிறது.

அம்பல வரிசைப் பெயர்கள் இலங்கைத் தமிழரிடம் தாராளம். 1944-இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கியவர் ஜி.ஜி.பொன்னம்பலம். 1947-இல் அமைந்த டி.எஸ்.சேனநாயக்காவின் அமைச்சரவையில் சி.சிற்றம்பலம் இருந்தார். ஒரே வீட்டில் பார்க்கவேண்டுமானால் சர் பொன்னம்பலம் ராமநாதன், சர் பொன்னம்பலம் அருணாசலம் என்ற சகோதரர்கள். அப்பா பெயரில் சிதம்பரம், அண்ணன் பெயரில் ராமேசுவரம், தம்பி பெயரில் திருவண்ணாமலை. அப்பாவின் முழுப்பெயர் அருணாசலம் பொன்னம்பலம். அதாவது தம்பிக்குத் தாத்தா பெயர். கடல் தாண்டி இருக்கும் ஒரு குடும்பம், பெயர்களிலேயே மூன்று கோயிலைச் சுற்றி வந்துவிட்டது.

பெண்களுக்கு இந்தப் பெயர் உண்டா?

சிவகாமி, சிவகாமசுந்தரி. அம்மன் பெயர். ஊர்ப் பெயரை நேராகவே வைத்து சிதம்பரத்தம்மாள், சிதம்பரவடிவு என்றும் வைத்திருக்கிறார்கள். பழனியம்மாள் மாதிரி.

பெண்களைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். கணவர் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று இருந்த காலத்தில், கணவர் பெயர் ஊர்ப் பெயராக இருந்துவிட்டால் பாடு திண்டாட்டம். பஸ்ஸில் கண்டக்டர் ‘எங்கம்மா போகணும்’ என்பார். ‘நடராசர் கோயில் ஊருக்கு ஒண்ணு’ என்று பதில் வரும். அவருக்கும் புரிந்துவிடும், சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழிப்பார். பழனிக்குப் போகிறவர் ‘ஆண்டி மலைக்கு’ என்பார். அதிகம் சிக்கல் வேலூர்க்காரருக்கோ கரூர்க்காரருக்கோ வந்திருக்காது, அந்த ஊர்ப் பெயரை யாரும் பிள்ளைக்கு வைப்பதில்லை.

ஏன் வைப்பதில்லை? எல்லா ஊர்ப் பெயரும் ஆள் பெயராகாதா?

ஆகாது. தஞ்சாவூர் எவ்வளவு பெரிய ஊர், எவ்வளவு பெரிய கோயில். தஞ்சாவூர் என்று யாராவது பிள்ளைக்குப் பெயர் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கும்பகோணம் முழுக்கக் கோயில், ஆனால் பிள்ளைக்குப் பெயர் கும்பேசன், சாரங்கபாணி, சக்கரபாணி என்றுதான் போகும். ஊர்ப் பெயரைச் சொன்னதுமே சாமி நினைவுக்கு வந்தால்தான் அது ஆளுக்கு ஒட்டும். பழனி என்றால் முருகன், திருப்பதி என்றால் பெருமாள், காசி என்றால் விசுவநாதர்.

சில பெயர்கள் ஊர் என்பதே மறந்துபோகும் அளவுக்கு ஆளோடு ஒன்றிவிட்டன. செந்தில் என்பது ஊர்ப் பெயர். திருச்செந்தூரின் பழைய பெயர், புறநானூறு 55-ஆம் பாடலில் கடலோரச் செந்தில் என்று வருகிறது. செந்தில்குமார் என்றால் செந்தில் என்ற ஊரின் குமரன். தணிகைவேல், தணிகாசலம் இரண்டும் திருத்தணி. வெங்கடாசலம், வெங்கடேசன் எல்லாம் வேங்கட மலை.

திரு என்ற அடைமொழியையும் கவனியுங்கள். ஊருக்குத் திருவண்ணாமலை, ஆளுக்கு அண்ணாமலை. ஊருக்குத் திருத்தணி, ஆளுக்குத் தணிகை. ஆள் பெயராகும்போது திரு கழன்றுவிடும். திருப்பதி ஒரு விலக்கு. அங்கே திருவைக் கழற்றினால் வெறும் பதிதான் மிஞ்சும்.

பழனி என்பது ‘பழம் நீ’ என்பதிலிருந்து வந்ததா?

ஞானப்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு போன முருகனிடம் ‘பழம் நீ’ என்று சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். கதையாக ரசிக்கலாம். ஆனால் அகநானூற்றின் முதல் பாடலிலேயே ஆவி என்ற தலைவனின் ஊராகப் பொதினி என்று ஒன்று வருகிறது. அதைத்தான் பழனி என்று அறிஞர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். திருமுருகாற்றுப்படை சொல்லும் ஆவினன்குடியும் இங்கேதான் இருக்கிறது. ஊர்ப் பெயருக்குப் பொருள் மங்கிய பிறகுதான் இப்படிப்பட்ட கதைகள் முளைக்கும்.

ஆள் பெயர் திரும்ப ஊருக்குப் போனது எப்படி?

சிதம்பரத்திலிருந்து கிளம்பிய பெயர் ஒட்டப்பிடாரத்துப் பிள்ளைக்கு வந்தது. அவர் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார், சிறை சென்றார், செக்கிழுத்தார். 1986-இல் திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்தபோது புதிய மாவட்டத்துக்குச் சிதம்பரனார் மாவட்டம் என்று பெயரிட்டார்கள். இப்படியாகத் தில்லையின் பெயர் தாமிரபரணிக் கரைக்கு ஆள் வழியாகப் போய்ச் சேர்ந்தது. சிதம்பரம் ஊரோ கடலூர்ப் பக்கம் இருக்க, சிதம்பரனார் மாவட்டம் தெற்கே இருந்தது.

1997-இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயரை எல்லாம் எடுத்தார்கள். சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது. பெரியார் மாவட்டம் ஈரோடு ஆனது. ஈரோட்டை முன்னெழுத்தாகச் சுமந்தவரின் பெயரைச் சிறிது காலம் ஈரோடு சுமந்துவிட்டு, மறுபடி தன் பெயருக்கே திரும்பிவிட்டது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மட்டும் 2011-இல் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் வந்து நிலைத்துவிட்டது. கோயம்புத்தூரில் வ.உ.சி. பூங்கா என்கிறோம். அதில் சிதம்பரம் ஒரே ஓர் எழுத்தாகச் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது.

சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் எப்படி வந்தது?

இதுதான் இந்தப் பக்கத்தில் எங்களுக்கு மிகப் பிடித்த கேள்வி. அண்ணாமலை என்பது திருவண்ணாமலை மலையின் பெயர். அண்ணுதல் என்றால் நெருங்குதல். பிரமனும் திருமாலும் அடிமுடி தேடியும் நெருங்க முடியாத மலை என்பது வழக்கமான விளக்கம். அருணாசலம் அதே மலையின் வடமொழிப் பெயர், செம்மலை.

செட்டிநாட்டில் பிறந்த ஒருவருக்கு அந்த மலையின் பெயர் வைக்கப்பட்டது. அவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பெயர் மதுரை அம்மனுடையது. 1929-இல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதைச் சுற்றி எழுந்த ஊர் அண்ணாமலை நகர், இன்று தனிப் பேரூராட்சி. நெருப்புத் தலத்தின் பெயர் ஆகாயத் தலத்தின் வாசலுக்கு ஒரு மனிதர் மூலம் வந்து சேர்ந்த கதை இது. சென்னையில் ராஜா அண்ணாமலைபுரமும் அவர் பெயர்தான்.

ப.சிதம்பரத்துக்கும் சிதம்பரம் தொகுதிக்கும் தொடர்பு உண்டா?

தொகுதி வகையில் இல்லை. அவர் சிவகங்கை மாவட்டம் கண்டனூர்–கானாடுகாத்தான் பக்கத்துச் செட்டிநாட்டுக்காரர். 1984 முதல் மக்களவைக்குப் பலமுறை தேர்வானதும் சிவகங்கையிலிருந்துதான். ஆனால் அவர் பெயரையும் உறவையும் பார்த்தால் இந்தப் பக்கம் முழுக்க அதில் அடங்கிவிடும். முன்னெழுத்து ப, அப்பா பழனியப்பன். தாய்வழித் தாத்தா, மேலே சொன்ன அண்ணாமலைச் செட்டியார். பழனி, அண்ணாமலை, சிதம்பரம்.

தலைப்புச் செய்தியில் சிதம்பரம் என்று வந்தால் ஆளா ஊரா என்று குழம்புகிறவர்களுக்குத் தமிழ் இலக்கணமே கை கொடுக்கும். ‘சிதம்பரத்துக்கு’ என்றால் எதுவாகவும் இருக்கலாம். ‘சிதம்பரத்தில்’ என்றால் ஊர், ‘சிதம்பரத்திடம்’ என்றால் ஆள். ‘சிதம்பரம் வந்துவிட்டது’ என்றால் பையை எடுத்துக்கொண்டு இறங்கலாம். ‘சிதம்பரம் வந்துவிட்டார்’ என்றால் எழுந்து நிற்கவேண்டும்.

இது இந்துப் பெயர்களில் மட்டும் உள்ள வழக்கமா?

இல்லவே இல்லை. நாகூர் தர்காவுக்கு வேண்டிக்கொண்டு பிறந்தவர்களுக்கு நாகூர் மீரான், நாகூர் கனி என்று பெயர். கிறித்தவர்களில் வேளாங்கண்ணி என்ற பெயர் உண்டு. அந்த மாதாவின் ஆரோக்கிய அன்னை என்ற பட்டத்திலிருந்து ஆரோக்கியம், ஆரோக்கியசாமி. லூர்துசாமி, லூர்துமேரி இருவரும் பிரான்சு நாட்டில் உள்ள ஓர் ஊரின் பெயரைத் தாங்குகிறார்கள். 1858-இல் அங்கே மாதா காட்சி தந்ததாக நம்பிக்கை.

எல்லாவற்றையும் விட நெடும்பயணம் சவேரியாருடையது. ஸ்பெயின் வடக்கே நவாரா பகுதியில் ஒரு கோட்டை, அதன் பெயர் சாவியர். பாஸ்க்கு மொழியில் ‘புது வீடு’ என்று பொருள். அந்தக் கோட்டையில் 1506-இல் பிறந்த பிரான்சிசுக்கு அது குடும்பப் பெயர். முத்துக்குளித்துறைக்கு வந்து புனிதராகவும் ஆன பிறகு சவேரியார் ஆனார். அவர் பெயரில் சவேரிமுத்து, சேவியர் என்று பிள்ளைகள். பிறகு சவேரியார்புரம் என்று ஊர்கள். எங்கோ ஒரு புது வீட்டின் பெயர், தமிழ்நாட்டில் புரமாகிக் குடியேறிவிட்டது.

எங்கள் வீட்டில் இந்தப் பெயர் ஏன் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தாத்தாவுக்கு மேலே இரண்டு தலைமுறைப் பெயர்களை எழுதுங்கள். ஒன்று விட்டு ஒன்று அதே பெயர் வந்தால் அது பரம்பரைப் பெயர். திடீரென ஒருவரிடம் தொடங்கினால் நேர்ச்சையாக இருக்கலாம், அல்லது பிறந்த நாள் காரணமாக இருக்கலாம். மார்கழித் திருவாதிரையும் ஆனித் திருமஞ்சனமும் நடராசருக்கு உகந்த நாட்கள், அன்று பிறந்தவருக்கு இந்த வரிசைப் பெயர் வைப்பார்கள். ஜாதகம் இருந்தால் நட்சத்திரத்தைப் பாருங்கள்.

பூர்வீக ஊருக்குப் பழைய கிரயப் பத்திரங்கள் நல்ல துணை. ‘இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்’ என்று ஊரோடு சேர்த்தே எழுதியிருப்பார்கள். பத்திரம் இல்லாவிட்டால் குலதெய்வக் கோயில் எந்த ஊரில் இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், முக்கியமாக அத்தைகளிடம். பெயர்க் கணக்கும் உறவுக் கணக்கும் அவர்களிடம்தான் சரியாக இருக்கும்.